கூட்டேரிப்பட்டில் நின்ற மோரிஸ் மைனர்

நான்காவது புதன்கிழமையும் அந்தக் கார் அதே இடத்தில் வந்து நின்றபோது கலைப்பிரியாவால் சும்மா இருக்க முடியவில்லை. இயந்திரத்தில் மாட்டியிருந்த ஜேசிபி ஓஸைப் பாதியிலேயே விட்டுவிட்டு, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி சர்வீஸ் ரோட்டைக் கடந்தாள்.

கூட்டேரிப்பட்டில் மயிலம் ரோடு பிரிகிற முனைக்குப் பக்கத்தில் அவள் கடை. ஜேசிபி, டிராக்டர், நெல் அறுக்கிற வண்டி எதுவானாலும் எண்ணெய் ஓஸ் வெடித்துவிட்டால் அவளிடம்தான் வருவார்கள். ஒரகடத்தில் ஓஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் ஏழு வருடம் வேலை பார்த்தவள். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு, ஓஸ் முனையில் இரும்புத் தலையை அழுத்திப் பூட்டும் இயந்திரம் ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கிப் போட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். 'பொம்பள ஓஸ் கடை' என்று சொன்னால் அந்த ரோட்டில் எந்த டிரைவருக்கும் தெரியும்.

நின்றிருந்தது வெளிர்நீல மோரிஸ் மைனர். இட்லிக் குண்டானைக் கவிழ்த்ததுபோல் உருண்டையான கூரை. அதை ஓட்டி வருபவர் சவுரியம்மாள். அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரத்தில் வீடு. வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திக்கில் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் கட்டிவிட்டு வருவார். புதன்கிழமை, திண்டிவனத்துக்கு அப்பால் இருக்கும் பெருமுக்கல். காலையில் போகும்போது கார் ஒரு தொந்தரவும் செய்வதில்லை. திரும்பும்போது, பன்னிரண்டு மணி வெயிலில், சரியாகக் கூட்டேரிப்பட்டில் வந்து மூச்சை விட்டுவிடும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருக்கும் வேங்கடேசன் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"முருகன்தாங்க புடிச்சி நிறுத்துறாரு. ஒரு எட்டு மயிலம் மலைக்கு வந்து கும்புட்டுட்டுப் போவட்டும்னு."

"நான் அந்தோணியார் கோயில் பொண்ணுய்யா. முருகனுக்கு என்னத் தெரியவே தெரியாது," என்றார் சவுரியம்மாள், வெள்ளைக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

கலைப்பிரியா காரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். "சிஸ்டர், நான் எதிர் கடைங்க. நாலு வாரமா பாத்துக்கினு இருக்கேன். இது எப்ப எப்ப நிக்குதுன்னு எதுனா ஞாபகம் வச்சிருக்கீங்களா?"

சவுரியம்மாள் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். ஜுரக்காரருக்கு வார்டில் சார்ட் எழுதுவதுபோல, கார் நின்ற தேதி, நேரம், வெயில், ஓடிய தூரம், மறுபடி கிளம்ப ஆன நிமிடங்கள் எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தது. மழை பெய்த ஒரு புதன்கிழமையில் மட்டும் 'நிற்கவில்லை' என்று இருந்தது.

"மழையில நிக்கலையா?"

"நிக்கல. அன்னிக்கு வீடு வரைக்கும் ஓடிச்சி. விழுப்புரத்து மெக்கானிக்கு பெட்ரோல் பம்ப மாத்தணும்ங்கிறாரு. டேங்க ரெண்டு தரம் கழுவிட்டாரு. இந்தா, கேளு." சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. "கேட்டியா?"

"ஒன்னும் கேக்கலையே சிஸ்டர்."

"அதான். நல்லா இருக்கும்போது சாவியப் போட்டா பம்பு டக்கு டக்குன்னு அடிக்கும். நாடி மாதிரி. நின்னுடுச்சின்னா நாடி இருக்காது."

கலைப்பிரியாவுக்கு இது புதுசு. அவளுக்குத் தெரிந்த பம்புகள் எல்லாம் இரைகிறவை. நாடிபோல் அடிக்கிற பம்பை அவள் பார்த்ததில்லை. பானட்டைத் தூக்கச் சொன்னாள். என்ஜினுக்குப் பின்னால், தகரச் சுவரில், உருளையாக ஒரு சின்னச் சாமான். பின்பக்க டேங்கிலிருந்து காருக்கு அடியில் ஓடி வரும் இரும்புக் குழாய், முக்கால் அடி ரப்பர் ஓஸ் வழியாக அந்தப் பம்புக்குள் போகிறது. அங்கிருந்து இன்னொரு ஓஸ் கார்பரேட்டருக்குப் போகிறது. எல்லாம் கண்ணுக்கு எதிரே, ஒளிவு மறைவு இல்லாமல்.

"இத ஏன் சிஸ்டர் வாங்கினீங்க? புது காரா வாங்கியிருக்கலாமே."

"புது காருக்குள்ள என்ன நடக்குதுன்னே தெரியலம்மா. இது எல்லாத்தையும் சத்தம் போட்டுச் சொல்லுது. பாண்டிச்சேரியில ஒருத்தர் வீட்டுல கோழி அடைஞ்சிக்கினு கெடந்துச்சி. ஐம்பத்தஞ்சு வயசுல ஓட்டக் கத்துக்கினேன், இதுலதான்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பம்பு திடீரென்று டக் டக் டக் என்று அடிக்க ஆரம்பித்தது. நோட்டில் 'இருபத்தெட்டு நிமிடம்' என்று எழுதிவிட்டு சவுரியம்மாள் போய்விட்டார். கலைப்பிரியா சாலையிலேயே நின்றாள். கேள்விக்கு விடை தெரியாமல் கேள்வியே எழுந்து போய்விட்டதுபோல் இருந்தது. அன்று மாலைவரை அவள் அழுத்திய இரண்டு ஓஸும் அளவு பிசகின.

அடுத்த புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டு, ஸ்பேனர் பையோடு காலையிலேயே ரோட்டோரம் நின்று காரில் ஏறிக்கொண்டாள்.

பெருமுக்கலில் மலைக்குக் கீழே இருந்த தெருவில், தகரம் வேய்ந்த வீட்டில் கோவிந்தம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தெட்டு வயது. கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போன இடத்தில் காலில் ஏதோ கீறியதாம். சர்க்கரை வியாதியில் அது ஆறாமல் உள்ளுக்குள் இறங்கிவிட்டது. சவுரியம்மாள் கட்டைப் பிரித்து, குனிந்து முகர்ந்து பார்த்தார். பெரிய சிரிஞ்சில் மருந்துத் தண்ணீரை இழுத்துப் புண்ணைக் கழுவினார்.

"கோவிந்தம்மா, இதுக்கு மேல வீட்டுல வச்சிக் கட்ட முடியாது. அடுத்த புதன்கிழமைக்குள்ள முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். டாக்டர்கிட்ட சொல்லி வச்சிட்டேன். ஆம்புலன்ஸ் வரும்."

"ஆம்புலன்ஸ்ல நான் வரமாட்டேன் சிஸ்டரு. எங்க வூட்டுக்காரரு அதுலதான் போனாரு. திரும்ப வரல." அவள் சொன்ன விதத்தில் பிடிவாதமோ அழுகையோ இல்லை. பஸ் எண் சொல்வதுபோலச் சொன்னாள். "உங்க கார்ல கூப்ட்டா வரேன்."

சவுரியம்மாள் கலைப்பிரியாவைப் பார்த்தார். கலைப்பிரியா வாசலில் நின்ற காரைப் பார்த்தாள். நட்ட நடு வெயிலில், காய்ச்சலும் புண்ணுமாக ஒரு பெண்ணைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, கூட்டேரிப்பட்டில் அரை மணி நேரம் நிற்க முடியாது.

அன்றும் கார் தவறாமல் நின்றது. பன்னிரண்டு ஏழுக்கு.

இந்த முறை கலைப்பிரியா தயாராக இருந்தாள். பீடியைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்த ஒருவரை முதலில் விரட்டினாள். கார்பரேட்டரின் சின்னக் கிண்ணத்தைத் திறந்தாள். பெட்ரோல் ஒரு சொட்டு இல்லை, காய்ந்து கிடந்தது.

"சிஸ்டர், இங்க பாருங்க. வயிறு காலியா இருக்குது, ஆனா பம்பு அடிக்கல. ஒன்னு பம்பு செத்திருக்கணும், இல்ல அதோட தொண்டை அடைச்சிருக்கணும். சாவியப் போடுங்க."

சவுரியம்மாள் சாவியைப் போட்டார். மௌனம். கலைப்பிரியா பம்புக்குள் போகும் ஓஸின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். காற்று உள்ளே புகுந்ததுதான் தாமதம், பம்பு படபடவென்று அடித்தது.

"உசுரு இருக்குது!" என்று கத்தினார் வேங்கடேசன். அவர் எப்போது வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"பம்பு நல்லா இருக்குது. அடைப்பு பின்னாடி எங்கியோ." ஓஸைக் கழற்றிக் கையில் எடுத்தாள். வெளியே பார்க்கப் புத்தம் புதுசு. வெடிப்பு இல்லை, வெளுப்பு இல்லை. போன வருடம்தான் மாற்றியது என்றார் சவுரியம்மாள். கலைப்பிரியா அதன் ஒரு முனையை வாயருகே கொண்டு போனாள்.

"ஏய், வாயில வைக்காத! பெட்ரோல் நுரையீரல்ல எறங்கினா என்ன ஆவும் தெரியுமா? நாலு நாள் ஆக்சிஜன்ல கெடப்ப." சவுரியம்மாள் பையைத் திறந்து, உறை பிரிக்காத பெரிய சிரிஞ்சு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

சிரிஞ்சின் மூக்கு ஓஸின் வாயில் சரியாகப் பொருந்தியது. கலைப்பிரியா காற்றைத் தள்ளினாள். தடையே இல்லாமல் மறுமுனையில் வெளியேறியது. இன்னொரு முறை தள்ளினாள். அதேதான். "அடைப்பு இல்லையேம்மா," என்றார் சவுரியம்மாள்.

கலைப்பிரியா ஓஸை ஒரு முறை விரலால் உருட்டிப் பார்த்தாள். ஏதோ தோன்ற, இந்த முறை தள்ளாமல் இழுத்தாள். தண்டு பாதி வந்து நின்றது. விட்டதும் சர்ரென்று உள்ளே ஓடியது.

மறுபடி தள்ளினாள்: போனது. இழுத்தாள்: நின்றது. ஏழு வருடம் கம்பெனியில் ஓஸைத் தள்ளித்தான் சோதித்திருக்கிறாள். எத்தனை அழுத்தம் தாங்கும், எங்கே வெடிக்கும் என்பதுதான் கேள்வி. இழுத்துப் பார்க்க அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

பிளேடை எடுத்து ஓஸை நீளவாக்கில் கிழித்து, மீன் வயிற்றைப் பிளப்பதுபோல் விரித்தாள். உள்ளே, ஒரு முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, உட்புறத் தோல் உப்பி உரிந்து, நாக்குபோல் தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலிலும் என்ஜின் சூட்டிலும் வெந்த ரப்பர் கொழகொழவென்றிருந்தது.

"பம்பு இழுக்குறப்ப இந்த நாக்கு போய் வழிய மூடிக்குது. ஆற வுட்டா வெறைச்சிக்கினு வழி வுடுது. அதான் காலையில நிக்கல, மழையில நிக்கல. பெருமுக்கல்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள சரியா வெந்து போயிடுது."

சவுரியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதயத்துல வால்வு இருக்குமே, அச்சு அசல் அது மாதிரி. யாரும் வைக்காம தானா மொளைச்சிருக்குது." அவர் குரலில் வருத்தம் இல்லை. அபூர்வமான வியாதியைக் கண்ட வார்டு நர்ஸின் குதூகலம் இருந்தது.

"சரி, உன் கடையில ஓஸ் கொத்துக் கொத்தா தொங்குதே. ஒன்னு வெட்டி மாட்டு, ஜல்தியா கெளம்பறேன்."

"அது எண்ணெய் ஓஸ் சிஸ்டர். பெட்ரோலுக்கு ஆவாது. இதே கதிதான் வரும். இப்ப வர்ற பெட்ரோல்ல ஸ்பிரிட்டு வேற கலக்குறாங்க, அதுக்குத் தாங்குற ரப்பரா பாக்கணும். வண்டிய இங்கியே வுட்டுட்டுப் போங்க. செவ்வாக்கெழம வாங்க."

சவுரியம்மாள் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

மறுநாள் கலைப்பிரியா திண்டிவனத்தில் மூன்று கடைகளில் மூன்று விதமான பெட்ரோல் ஓஸ் வாங்கினாள். மூன்று கடைக்காரர்களும் தங்களுடையதுதான் உசத்தி என்றார்கள். அவள் வாதாடவில்லை. கடைக்குப் பின்புறம், தீ அண்டாத நிழலில், மூன்று ஊறுகாய்ப் பாட்டில்களில் பெட்ரோல் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் போட்டு இறுக மூடினாள். தினமும் காலையில் வந்ததும் வெளியே எடுத்து, அளவு பார்த்து, விரலால் நசுக்கிப் பார்த்து, நோட்டில் எழுதினாள். சவுரியம்மாளின் பழக்கம் தொற்றிக்கொண்டது. மூன்றாம் நாளில், முதலாவது பாட்டிலில் பெட்ரோல் டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது; துண்டு ஊறிய அப்பம்போல் பருத்துவிட்டது. இரண்டாவது வெளியே சரியாக இருந்தது. நறுக்கிப் பார்த்தால் உட்தோலில் சின்னச் சின்னக் கொப்புளம். மூன்றாவது போட்டது போட்டபடியே இருந்தது. கொஞ்சம் விறைப்பான ரகம். இழுத்தாலும் ஒட்டிக்கொள்ளாது. அதுதான் என்று முடிவு செய்தாள்.

செவ்வாய்க்கிழமை சவுரியம்மாள் வந்தபோது இரண்டு ஓஸும் புதிதாக மாட்டியிருந்தன. பம்பின் இரு பக்கத்துப் பித்தளை இணைப்புகளையும் கழற்றித் தேய்த்துக் கழுவி, நசுங்கிய பழைய வாஷர்களை எறிந்துவிட்டுப் புது வாஷர் போட்டிருந்தாள். சாவியைப் போட்டதும் பம்பு டக் டக் டக் என்று பத்துப் பன்னிரண்டு முறை அடித்து, கிண்ணம் நிறைந்ததும் அடங்கியது. என்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. இருவருமாக விழுக்கம் பக்கம் ஒரு சுற்று போய் வந்தார்கள். நிற்கவே இல்லை.

"அப்ப நாளைக்குப் போவலாம்," என்று சவுரியம்மாள் பையை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்."

என்ஜினை நிறுத்திவிட்டு சாவியை மட்டும் போட்டு வைத்திருந்தாள் கலைப்பிரியா. அமைதி. பிறகு ஒற்றையாக ஒரு டக். விரல் விட்டு எண்ணினாள். பத்து எண்ணுவதற்குள் இன்னொரு டக்.

"அது எப்பவும் அப்படித்தான். நாடி இருக்குதுல்ல," என்றார் சவுரியம்மாள்.

"என்ஜின் ஓடல. கிண்ணம் ரொம்பியிருக்குது. அப்புறம் யாருக்கு பெட்ரோல் அனுப்புது?"

சவுரியம்மாள் பையைக் கீழே வைத்தார்.

கண்ணுக்கு எங்கும் ஈரம் தெரியவில்லை. சொட்டும் விழவில்லை. சவுரியம்மாள் கட்டுத்துணியைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுக்க, கலைப்பிரியா ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்றாகச் சுற்றினாள். ஆறு இடத்தில் ஆறு வெள்ளைக் கட்டு. கார் இருவரிடமும் வைத்தியம் பார்க்க வந்ததுபோல் இருந்தது. கால் மணி நேரம் கழித்துப் பிரித்தபோது ஐந்து உலர்ந்திருந்தன. பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் பக்கத்துக் கட்டு மட்டும் நனைந்து, பெட்ரோல் நெடி வீசியது. இணைப்பைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தாள். மரைக்குக் கீழே, தேய்த்துக் கழுவியபோதும் கண்ணில் படாத, மயிரிழை போல ஒரு விரிசல். என்றைக்கோ எவரோ பலங்கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். கசிகிற பெட்ரோல் சூட்டில் உடனுக்குடன் ஆவியாகிவிடுவதால் யார் கண்ணிலும் படவில்லை. அதற்கு நேர் கீழே, ஒரு சாண் தூரத்தில், என்ஜினின் கொதிக்கும் புகைக்குழாய்.

சவுரியம்மாள் அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய வண்டின்னா கொஞ்சம் வாசனை வரத்தான் செய்யும்னு நெனச்சேன்," என்றார் மெல்ல. "எத்தன பேர ஏத்திக்கினு போயிருக்கேன் தெரியுமா?"

கலைப்பிரியாவிடம் ஆயிரம் இணைப்புகள் இருந்தன. ஒன்றும் அந்த மரைக்குச் சேரவில்லை. பழைய சீமை மரை; அவள் வைத்திருந்த எந்த அளவுக்கும் அடங்கவில்லை. மணி மூன்று. பம்பையும் கழற்றிப் பையில் போட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு திண்டிவனத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் சீனுவாசனிடம் ஓடினாள்.

"பேஜாரு புடிச்ச மரையா இருக்குதேம்மா," என்று அவர் விரிசல் விட்டதை உருட்டி உருட்டிப் பார்த்தார். "நாளைக்கு வாயேன்."

"அண்ணே, நாளைக்குக் காலையில இதுல ஒரு நோயாளிய ஏத்தணும்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. வேறு வேலையை லேத்திலிருந்து இறக்கிவிட்டு, பித்தளைத் தண்டை மாட்டினார். முதலில் வெட்டியது ஆடியது, தூர எறிந்தார். இரண்டாவது, பம்பின் வாயில் விரலாலேயே கடைசிவரை ஏறியது. பொழுது சாய்வதற்குள் மாட்டி முடித்துச் சாவியைப் போட்டார்கள். பம்பு அடித்து அடங்கியது. கலைப்பிரியா நூறுவரை எண்ணினாள். சவுரியம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றார். அடுத்த டக் வரவே இல்லை.

புதன்கிழமை கோவிந்தம்மாள் பின்சீட்டில் காலை நீட்டி, இரண்டு தலையணைக்கு நடுவே உட்கார்ந்து வந்தாள். கலைப்பிரியா முன்னால். பன்னிரண்டு மணிக்குக் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது வேங்கடேசன் டீக்கடை வாசலுக்கே வந்துவிட்டார். கார் நிற்காமல் போவதைப் பார்த்து அவர் கையாட்டியதில் மகிழ்ச்சி பாதி, ஏமாற்றம் பாதி. கோவிந்தம்மாள் மட்டும், "யாரு அது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவளும் கையாட்டினாள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் முன்னால் நின்ற லாரி பின்னோக்கி உருண்டது. சவுரியம்மாள் ஹாரனை அழுத்தினார். அப்போதுதான் கலைப்பிரியா கவனித்தாள்: பெட்ரோல் அளவு காட்டும் முள் அப்படியே பூஜ்யத்துக்கு விழுந்து, ஹாரன் நின்றதும் மேலே எழுந்தது.

"சிஸ்டர், இன்னொரு தரம் அடிங்க."

மறுபடி விழுந்து எழுந்தது.

"இது ஏன் இப்படி?"

"தெரியலையே. நான் அடிக்கும்போது ரோட்டத்தானே பாப்பேன்."

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றார்கள். அன்று காலை கலைப்பிரியா பஸ் பிடித்து வந்தாள். உள்ளே அழைத்துப் போவதற்குமுன் கோவிந்தம்மாள் கலைப்பிரியாவின் கையைப் பிடித்து, "காரு வெளிய நிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். நிற்கிறது என்றதும் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வராந்தாவில் உட்கார்ந்திருக்கக் கலைப்பிரியாவால் முடியவில்லை. வேப்பமரத்தடியில் நின்ற காருக்குப் போய், கதவைத் திறந்து வைத்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்தாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒயர் ஒயராகப் பின்தொடர்ந்தாள். யாரோ ஹாரனுக்கும் முள்ளுக்கும் ஒரே எர்த் ஒயரைப் போட்டு, அதையும் துருப்பிடித்த ஓர் ஆணியில் முறுக்கி விட்டிருந்தார்கள். கோளாறு அங்கேதான் இருக்க வேண்டும். உப்புத்தாளால் ஆணியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"ரெண்டு விரல் போச்சி," என்றது சவுரியம்மாளின் குரல். "காலு இருக்குது. நல்லா இருக்குதுன்னாரு டாக்டர். கண்ணு முழிச்சதும் பசிக்குதுன்னா."

கலைப்பிரியா வாயிலிருந்து டார்ச்சை எடுத்தாள். பிறகு வெளியே வந்து, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"இங்கயும் கண்டுபுடிச்சிட்டேன்னு நெனைக்கிறேன் சிஸ்டர். ஒரு தரம் ஹாரன் அடிச்சிப் பாக்கலாமா?"

"ஆஸ்பத்திரிக்குள்ளயா? முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவங்கள நான் திட்டினது அதுக்குத்தான்." சவுரியம்மாள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ஏறு. மெயின் ரோட்டுக்குப் போயி அடிச்சிப் பாத்துட்டு, அவளுக்கு ரெண்டு இட்லியும் வாங்கிக்கினு வந்துடலாம்."